பாலுசாமியின் கடைசி ஷிப்ட்

பாலுசாமிக்கு ஊரில் எதிரி என்று ஒருவர் கிடையாது. தன் நல்ல குணத்தால் அப்படி அமைந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தையால் அமைந்தது என்பது மற்ற எல்லோருக்கும் தெரியும். காங்கேயத்துக்குக் கிழக்கே இருக்கும் அவருடைய எண்ணெய் மில்லுக்கு யார் எதைக் கேட்டு வந்தாலும் உட்கார வைப்பார், தண்ணீர் கொடுப்பார், வீட்டில் ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லி நலம் விசாரிப்பார். கடைசியில் "பாக்கலாமுங்க" என்பார். கோயில் காரியத்துக்கு வந்தவர்களுக்கும் பாக்கலாம், மச்சான் மகனுக்கு வேலை கேட்டு வந்தவர்களுக்கும் பாக்கலாம். இல்லை என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது அவரைப் பொறுத்தவரை கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம். ஆமாம் என்று சொல்லிவிட்டாலோ அப்புறம் அதைச் செய்து தொலைக்க வேண்டும்.

கொப்பரை விஷயம் மட்டும் வேறு. வீட்டை ஒட்டிய களத்தில் கொப்பரை காயும்போது மேற்கே ஒரு துண்டு மேகம் கறுத்துவிட்டால் போதும், மனிதர் படைத்தளபதி ஆகிவிடுவார். யாரையும் கலந்துகொள்ள மாட்டார். மழைக்கு மரியாதை தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

அவர் மனைவி நாச்சியம்மாள் கெட்டிக்காரி. பாக்கலாம் என்றால் சரி என்று அர்த்தம் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினாள். வாஷிங் மெஷின் வந்ததும் மாடியில் அறை கட்டியதும் அப்படித்தான். களத்து ஆட்கள் அதையே இல்லை என்று எடுத்துக்கொண்டு வேறு வழி பார்த்தார்கள். ஆளுக்கொரு அர்த்தம், யாருக்கும் குறையில்லை. ஒரே மகள் கனிஷ்கா மட்டும்தான், நானாக எந்த அர்த்தமும் வைத்துக்கொள்ள மாட்டேன், அப்பா வாயைத் திறந்து சொல்லட்டும் என்று அடம் பிடித்தாள்.

கனிஷ்கா கோயம்புத்தூரில் இருந்தாள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, நண்பர்கள் மூன்று பேருடன் சேர்ந்து வீடியோ கேம் செய்துகொண்டிருந்தாள். கோட்டைமேட்டுப் பெண் ஹுமேரா படம் வரைவாள், பையன்கள் இருவர் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பார்கள், கதை எழுதுவது கனிஷ்கா. 'கேமுக்குக் கதையா?' என்று உறவுக்காரர்கள் கேட்டபோது பாலுசாமி என்ன சொன்னார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் கேமைப் பார்த்துவிட்டுப் பின்லாந்தில் ஒரு பெரிய நிறுவனம் அவளைக் கதை எழுதும் வேலைக்குக் கூப்பிட்டது. மூன்று வாரமாக அவள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கனிஷ்கா பஸ் ஏறி வந்தாள். மறுநாள் காலை பின்லாந்தில் ஆபீஸ் திறக்கும்போது அவளுடைய பதில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மதியம் அவள் குளிக்கப் போனதும் நாச்சியம்மாள் சாப்பாட்டு மேசைக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லாம அவ பதில் அனுப்ப மாட்டாளாமா. என்றகிட்டயே சொல்லிப்போட்டா."

"நீ என்ன சொன்ன?"

"நான் அன்னைக்கே போயிட்டு வா கண்ணுன்னு சொல்லிப்போட்டேன். வாரப்ப எனக்கு நல்ல ஸ்வெட்டர் ஒண்ணு எடுத்துட்டு வான்னேன். ஆனா அது பத்தாதாமா. அப்பா சொல்லோணுமாமா."

"பாக்..." என்று ஆரம்பித்தவர், மனைவி முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தை ரசச் சோற்றோடு சேர்த்து விழுங்கினார்.

உண்மையில் அவருக்கு உள்ளே பெரிய இழுபறி. போ என்று சொல்லி, போன இடத்தில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அனுப்பியவர் அவர். போகாதே என்று சொல்லி, அவளும் கேட்டுக்கொண்டு இங்கேயே இருந்து, முப்பது வயதில் நாற்பது வயதில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், தடுத்தவரும் அவர்தான். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் எந்தப் பழியும் தன் மேல் வராது என்று அவர் மனது கணக்குப் போட்டிருந்தது. மனது போடும் கணக்குகளில் இதைப்போல் ஓட்டைக் கணக்கு இன்னொன்று கிடையாது.

சாப்பாடு முடிந்ததும் கனிஷ்கா லேப்டாப்பை டிவியில் மாட்டினாள்.

"அப்பா, வந்து உக்காருங்க. நான் என்ன வேலை பண்றேன்னு நீங்க ஒரு தடவையாச்சும் பாத்திருக்கீங்களா?"

"எனக்கெங்க கண்ணு அதெல்லாம் தெரியும்?"

"ரெண்டு பட்டன்தான். இது நடக்க. இது பதில் சொல்ல."

கருப்பாக, நண்டு மாதிரி இருந்த கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தாள். பாலுசாமி அதைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார்.

கேமின் பெயர் 'கடைசி ஷிப்ட்'. ஊரில் ஏதோ நோய் வந்து செத்தவர்களெல்லாம் எழுந்து நடக்கிறார்கள், கடிக்கிறார்கள், கடிபட்டவர்களும் அப்படியே ஆகிறார்கள். தப்பித்தவர்கள் ஒரு பஞ்சாலைக்குள் அடைந்து கிடக்கிறார்கள். பெரிய இரும்பு கேட்டின் சாவி சூப்பர்வைசர் ரங்கண்ணனிடம் இருக்கிறது. ஆடுகிறவர்தான் ரங்கண்ணன்.

"செத்தவங்க எதுக்குங்கக்கா கடிக்கறாங்க?" என்று பாத்திரம் கழுவ வந்த பெண் வாசலிலிருந்து கேட்டாள்.

"பசியாமா," என்றாள் நாச்சியம்மாள். "செத்தும் பசி போகல பாரு, பாவம்."

ஆட்டம் ஆரம்பித்தது. கேட்டுக்கு வெளியே ஒரு பெண் குழந்தையோடு ஓடிவந்து நின்று தட்டினாள். அவள் கையில் ஒரு கீறல். கடித்ததா, முள் கிழித்ததா, தெரியவில்லை. பின்னால் தூரத்தில் அதுகள் காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தன. திரையின் அடியில் இரண்டு வரி தோன்றியது: 'கேட்டைத் திற', 'திறக்காதே'. பக்கத்தில் நூல் சுற்றிய கூம்பு ஒன்று, மில்காரர்கள் சொல்லும் நூல் கோன், சுற்ற ஆரம்பித்து, நூல் குறைந்துகொண்டே வந்தது.

"அந்த நூல் தீர்றதுக்குள்ள சொல்லோணும்ப்பா."

பாலுசாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்துக் குனிந்தார். "ஏனுங்க அம்மணி, கையில என்னங்க ஆச்சு?"

"அப்பா, அவங்களுக்குக் கேக்காது."

"அதுக்குன்னு மரியாதை இல்லாம எப்படி கண்ணு? அம்மணி, சித்தே இருங்க. உள்ள இவ்வளவு சனம் இருக்குது. எல்லாரையும் ஒரு வார்த்தை கலந்துக்கிட்டு..."

நூல் தீர்ந்தது. ரங்கண்ணன் கையில் சாவியோடு மரம் மாதிரி நின்றார். குழந்தை அழுவதைப் பொறுக்காத யாரோ ஓடிவந்து சாவியைப் பிடுங்கினார்கள், வேறு யாரோ தடுத்தார்கள், இழுபறியில் கேட்டு பாதி திறந்தபடியே மாட்டிக்கொண்டது. அதற்குள் அதுகள் வந்துவிட்டன. அப்புறம் நடந்ததை நாச்சியம்மாள் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு, இடுக்கு வழியாக முழுவதும் பார்த்தாள்.

"நான் ஒண்ணுமே பண்ணலையே!" என்றார் பாலுசாமி. 

"ஆமாப்பா. அதுதான் நீங்க பண்ணுனது."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார். இந்தத் தடவை கேட்டைத் திறந்துவிட்டார். கீறல் முள் கீறல்தான். அந்த அம்மணி கையெடுத்துக் கும்பிட்டபோது இவரும் பதிலுக்குக் கும்பிட்டதில் கன்ட்ரோலர் மடியில் விழுந்தது. பிறகு கொஞ்ச நேரம் நன்றாகவே போனது. படுக்க இடம் பிரித்துக் கொடுத்தார், சண்டை போட்ட இரண்டு பேரைத் தனித்தனியாகச் சமாதானம் செய்தார். ரங்கண்ணன் யோசிக்கும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். தன் கையைப் பார்த்தார். அதில் கண்ணாடியும் வேட்டி நுனியும் இருந்தன.

"கண்ணு, இந்த ஆளு..."

"ம்."

"நானா?"

"வேற யாரை எனக்கு இவ்வளவு நல்லாத் தெரியும்?" என்றாள் கனிஷ்கா, டிவியைப் பார்த்தபடியே. "எல்லாரும் நம்பிச் சாவி குடுக்கற மாதிரி ஒரு ஆளு வேணும்னாங்க. எனக்கு உங்க மூஞ்சிதான் வந்துது."

பாலுசாமியின் காது இரண்டும் சிவந்துவிட்டன. மகள் தன்னை இப்படி ஒரு இடத்தில் தூக்கி வைத்திருப்பாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

அடுத்து அரிசி மூட்டை வந்தது. இருப்பது எல்லோருக்கும் போதாது. காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு முதலில் கொடுப்பதா, காவல் காக்கிறவர்களுக்கா? நூல் கோன் சுற்ற ஆரம்பித்த நேரம், ஜன்னலுக்கு வெளியே வெயில் பட்டென்று மங்கியது. பாலுசாமி கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டுவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் களத்துக்கு ஓடினார். "ஏப்பா, தார்ப்பாயை எடுங்க! வடக்கால இருந்து மூடு! கல்லு வை, கல்லு வை!" என்று அவர் போட்ட சத்தம் உள்ளே வரை கேட்டது. நாலு தூறல் விழுந்து மேகம் கலைந்துவிட்டது. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வெற்றி வீரராகத் திரும்பி வந்தால், திரையில் மூன்று பேர் கழுத்துவரை துணி போர்த்திய பிணமாகக் கிடந்தார்கள்.

"இதென்ன அநியாயம்! நான் அந்தப் பக்கம் போயிருந்தப்ப நிறுத்தி வெக்கக் கூடாதா?"

"பதில் கேட்டு நிக்கறப்ப நிறுத்தற பட்டன் நாங்க வெக்கலைப்பா."

"கொப்பரைக்குன்னா மட்டும் வாய் எப்படித் தொறக்குது பாத்தியா," என்று நாச்சியம்மாள் பொதுவாகச் சுவரிடம் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

பாலுசாமி துணி போர்த்தியவர்களில் அந்தக் குழந்தையின் அம்மா இருக்கிறாளா என்று ஒவ்வொரு முகமாகத் தேடினார். இல்லை. பெருமூச்சு விட்டு உட்கார்ந்து, கன்ட்ரோலரைத் தானாகவே எடுத்துக்கொண்டார்.

கேமின் பஞ்சாலையில் தாமரை என்று ஒரு மெக்கானிக் பெண் இருந்தாள். வாயாடி. வேலை செய்துகொண்டே எல்லோரையும் கிண்டல் செய்வாள், ரங்கண்ணனை இன்னும் கூடுதலாக. பாலுசாமிக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிருந்தது. காய்ச்சல் முற்றி ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருக்க, அவள் கரி படிந்த கையைத் துடைத்தபடி கேட்டருகே வந்தாள்.

"ரங்கண்ணா, நின்னு கெடந்த லாரி ஓட ஆரம்பிச்சிருச்சு. நான் அவிநாசி வரைக்கும் போயி மருந்து கொண்டாந்துர்றேன். போகட்டுங்களா?"

திரையில் இரண்டே வார்த்தை. 'போ'. 'போகாதே'. நூல் சுற்ற ஆரம்பித்தது.

பாலுசாமி மகளைத் திரும்பிப் பார்த்தார். "இதை என்னை வெச்சு இப்ப எழுதுனியா?"

"இல்லப்பா. இது போன வருசமே எழுதுனது. அப்ப இந்த வேலையே வரல. சத்தியமா."

"லாரில டீசல் இருக்குதா? ஸ்டெப்னி? தொணைக்கு ஒரு ஆளு போகக் கூடாதா?"

 நூல் பாதிக்கு வந்துவிட்டது. கனிஷ்கா திரையைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. சோபாவின் கைப்பிடியில் நகத்தால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ரேங்க் கார்டை நீட்டிவிட்டு நிற்கும்போதும் அவள் இப்படித்தான் வேறு எதையாவது பார்த்துக்கொண்டு நிற்பாள். மூன்று வாரமாக இவள் இப்படியேதான் நின்றுகொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் 'போகாதே'வை அழுத்தினார். பட்டன் உடைந்துவிடும்போல அழுத்தினார்.

ரங்கண்ணன் தாமரையின் குறுக்கே போய் நின்றார். போகாதே என்றார். அவள் ஏன் என்றாள். அவர் காரணங்கள் சொன்னார், அவள் ஒவ்வொன்றாக மறுத்துச் சொன்னாள், இருவரும் கத்தினார்கள். கடைசியில் அவள் அவர் தோளைத் தள்ளிவிட்டு லாரியில் ஏறினாள். ஏறியவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கேட்டை நல்லாப் பூட்டிக்குங்கண்ணா, வந்து தட்டுவேன்!" என்று கத்தினாள். லாரி அதுகளுக்கு நடுவே புகுந்து போய்விட்டது.

"நான் போகாதன்னுதானே அமுக்குனேன்! தப்பா விழுந்துருச்சா?"

"இல்லப்பா. எதை அமுக்குனாலும் அவ போயிருவா."

பாலுசாமி திகைத்துப்போனார். "அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கறீங்க? இது பித்தலாட்டமல்ல?"

"நெறையப் பேரு அப்படித்தான் திட்டி எழுதறாங்க," என்று கனிஷ்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஆனா அவ எப்படிப் போறாங்கறது மாறும்ப்பா. ஒண்ணுமே அமுக்கலைன்னா, அவ பேசாமப் போயிருவா. திரும்பிப் பாக்க மாட்டா."

 பாலுசாமி கன்ட்ரோலரை மேசைமேல் பதமாக வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"போகாத கண்ணு."

"ஆட்டம் முடிஞ்சு போச்சுப்பா, அவ போயிட்டா."

"அவ இல்ல. நீ. அந்த ஊருக்குப் போகாத. எனக்குப் புடிக்கல."

கனிஷ்கா நிமிர்ந்து பார்த்தாள். சமையலறையில் தண்ணீர்க் குழாய் நின்றது.

மகள் பிறந்த இந்த இருபத்தாறு வருடமாக அடைத்துவைத்த வாய், திறந்ததும் நிற்கவில்லை. "அங்க பனி கொட்டுமாமா. வழுக்கி விழுந்தீன்னா யாரு தூக்குவாங்க? காய்ச்சல் வந்தா யாரு கஞ்சி வெப்பாங்க? பகல்லயே இருட்டா இருக்குமாமா, யூடியூப்புல பாத்தேன். தினமும் பாக்கறேன். நீ ஞாயித்துக்கெழம பஸ்ஸ விட்டு எறங்குனாத்தான் எனக்கு அந்த வாரமே வாரம் மாதிரி இருக்குது. நீ போயிட்டா நான் என்ன பண்றது? எனக்கு பயமா இருக்குது. போகாத, அவ்வளவுதான்!"

கனிஷ்காவின் கண் நிறைந்து வழிந்தது. ஆனால் அவள் நாச்சியம்மாள் பெற்ற பிள்ளை. அழுதுகொண்டே சண்டைக்கு எழுந்துவிட்டாள்.

"கஞ்சி எனக்கே வெக்கத் தெரியும்ப்பா! வழுக்காத ஷூ விக்குது! இருட்டுன்னா லைட்டு போட்டுக்குவேன்! அங்க எழுதற மாதிரி இங்க யாரும் என்னை எழுத விட மாட்டாங்க, அது உங்களுக்குத் தெரியுமா?"

"இங்கயே எழுதேன், யாரு வேண்டாம்னாங்க? மாடில ரூமு சும்மாத்தான கெடக்குது!"

"மாடில உக்காந்து எழுதறதுக்கு அங்க போயி கத்துக்கோணும்ப்பா!"

அப்பாவும் மகளும் போட்ட சத்தத்தில் களத்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பாலுசாமி வீட்டில் சண்டை என்றால் யார் நம்புவார்கள்? கனிஷ்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேப்டாப்பைப் பிடுங்கி மடியில் வைத்தாள்.

"சரி. நீங்க சொல்லிப்போட்டீங்க. நான் போகல. வரலைன்னு இப்பவே எழுதி அனுப்பிடட்டுமா?"

கோபத்துக்குச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.  அவர் கேட்டது கையருகில் வந்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் மகள் இங்கேயே இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பஞ்சாலையையும் தாமரையையும், வேட்டி நுனியில் கண்ணாடி துடைக்கும் ஒரு மனிதனையும் ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கிய முகம்.

"வாரேன்னு எழுது," என்றார்.

"இப்பத்தானே போகாதன்னீங்க?"

"ஆமா. அது மாறாது. நீ அங்க எறங்கி போன் பண்ணுனாலும் அதையேதான் சொல்லுவேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. "போகாதன்னு சொல்ல ஒரு ஆளு இல்லாத ஊட்டுல இருந்து நீ கெளம்பக் கூடாது கண்ணு. இத்தனை நாளா உன்னைய அப்படி நிக்க வெச்சுப்போட்டேன். எனக்குப் புடிக்கல. நீ போயிட்டு வா."

கனிஷ்கா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு கையாலேயே எழுதினாள். நாலைந்து வரிதான் இருக்கும். அவர் கண்ணாடி இல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரிந்தது.

"அனுப்பியாச்சா?"

"அனுப்பிட்டேன்ப்பா."

பாலுசாமி வாய்விட்டு அழுதார். களத்து ஆட்கள் பார்ப்பார்களே என்று ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை.

நாச்சியம்மாள் ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். இந்த மூன்று வாரமும் ஸ்வெட்டர் என்ன நிறம் வேண்டும் என்று பேசிச் சிரித்தவள், கேட்ட மறுநிமிடமே போயிட்டு வா என்று சொன்ன கெட்டிக்காரி. அவள் மெதுவாக வந்து மகளின் மறுபக்கம் சோபாவில் உட்கார்ந்தாள்.

"அம்மணி," என்றாள், யாரையும் பார்க்காமல். "எனக்குந்தான் நீ போறது புடிக்கல."